ஹாலோவீன் இரவில் மிட்டாயை விட ரோட்டைக் கவனியுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் 31 ஹாலோவீன். குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு, இருட்டியதும் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அங்கே புதிதாக வந்த நம்மவர்கள் அன்று முதலில் பயப்படுவது மிட்டாயைப் பார்த்துத்தான். முன்பின் தெரியாதவர் கொடுத்ததாயிற்றே, விஷம் கலந்திருக்குமோ, உள்ளே பிளேடு இருக்குமோ என்று ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளை அலசிப் பார்த்தவர். வீடு வீடாகப் போன ஒரு குழந்தை, யாரோ ஒருவர் விஷம் வைத்த மிட்டாயால் இறந்தது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மைதான். கொடுத்தது அவனைப் பெற்ற அப்பா, இன்சூரன்ஸ் பணத்துக்காக.

உறை கிழிந்ததைத் தூக்கிப் போடுங்கள். சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய உருண்டை மிட்டாயை எடுத்து வையுங்கள். வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் லேபிளைப் படியுங்கள். அது போதும்.

கவலைப்பட வேண்டிய இடம் ரோடு. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள்: இருட்டு, கறுப்பு உடை, பக்கத்தில் வருவதை மறைக்கும் முகமூடி, எதிர் வீட்டில் மிட்டாய். நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து குழந்தை ஒரே ஓட்டமாக ஓடும். அதனால் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம் பூசிவிடுங்கள். முதுகிலும் பையிலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் டேப்பை ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, முனையில் கடந்து மறுபக்கம் போகட்டும். சின்னவர்களோடு நீங்களும் கூடவே போங்கள். தரையில் புரளும் அங்கி தடுக்கி விழவைக்கும். வாசலில் மெழுகுவத்தி எரிந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

வாசல் விளக்கு அணைந்திருக்கும் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருந்தால் அலர்ஜி உள்ள குழந்தைகளுக்காக அங்கே பொம்மை, ஸ்டிக்கர் மாதிரி தின்பண்டம் அல்லாத பரிசும் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வாசலுக்கு வரும் குழந்தை ஒன்றும் பேசாமல் நின்றால், பேசச் சொல்லி வற்புறுத்தாமல் கொடுத்து அனுப்புங்கள். எல்லாக் குழந்தைக்கும் பேச்சு வந்துவிடாது.

'இது சாத்தான் பண்டிகை' என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டிலேயே அடைத்துவைப்பதும் தவறுதான். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் கொண்டாடிய 'சாவின்' (Samhain) என்ற திருவிழாவும், நவம்பர் 1இல் வரும் கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் பெருவிழாவும் கலந்து வளர்ந்த இரவு இது. அந்தப் பெருவிழாவுக்கு மறுநாள், நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடும் அதே நாள். மெக்சிகோவின் இறந்தோர் நாளும் அந்த இரண்டு தேதிகளில்தான் வருகிறது. ஆனால் அது வீட்டில் இறந்தவர்களை நினைத்துப் படையல் வைக்கும் நாள். ஹாலோவீனின் இன்னொரு பெயர் இல்லை.

ஹாலோவீனுக்குப் பூசணியைக் குடைந்து, முகம் மாதிரி வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். அயர்லாந்தில் முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கைக்குக் கிடைத்தது பூசணி. கிழங்கைவிடக் குடைவது எத்தனையோ சுலபம்! ஆனாலும் பலர் ஒரு வாரம் முன்பே குடைந்துவிடுகிறார்கள். 31ஆம் தேதி வருவதற்குள் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். இரண்டு நாள் முன்பு குடைந்தால் சரியாக இருக்கும். மூடியை வெட்டும்போது கத்தியை உள்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள், மூடி உள்ளே விழாது. சமையல் கத்தி வழுக்கும். கடையில் கிடைக்கும் குட்டி ரம்பம் நல்லது. உள்ளே எல்இடி விளக்கு வையுங்கள்.

அப்புறம், வாசலில் கிடந்த பூசணியைச் சாம்பாரில் போடாதீர்கள், அது கெட்டிருக்கும். குடைந்த அன்றே விதையைக் கழுவித் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்துத் தின்னலாம். அவ்வளவு ருசி.