தெருக் கவிஞரிடம் கவிதை கேட்கிறீர்களா?
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பிரெஞ்ச்மென் தெருவில் மாலை வேளையில் நடந்தால், சிறு மேசையில் பழைய தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருக்கும் கவிஞர்களைப் பார்க்கலாம். தலைப்பைச் சொன்னால் சில நிமிடங்களில் உங்களுக்கென்றே ஒரு கவிதை தயார். ஆனால் ‘அம்மா’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுவாரே, அதைச் சொல்லுங்கள். கவிஞருக்குப் பிடி கிடைப்பது அங்கேதான்.

பெரும்பாலும் விலை கிடையாது, விரும்பியதைக் கொடுக்கலாம். (ஒரே ஒரு டாலரை நீட்டிவிட்டு நழுவுவது எனக்கு அழகாகப் படவில்லை.) சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காமல், ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். தாளை வாங்கியதும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் தாள் வைத்து அடிக்காவிட்டால் அதற்கு வேறு பிரதி கிடையாது.