காற்றா, தண்ணீரா? சூறாவளிக் கரையில் இருப்பதா போவதா என்று கேட்பவர்களுக்கு

டித்வா சூறாவளி அடித்த மறுவாரம் என் கைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் தகரம் மாற்ற வரச் சொல்லி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு வேறு கேள்வி: "அண்ணே, இனியும் இங்கே இருக்கத்தான் வேண்டுமா? காணியை விற்றுவிட்டு வவுனியாப் பக்கம் போய்விடலாமா?"

நான் தச்சன். முப்பத்தைந்து வருடமாகத் திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை கூரை போட்டிருக்கிறேன். சோதிடம் தெரியாது. அப்படிக் கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: உங்களை அடித்தது காற்றா, தண்ணீரா? காற்று என்றால் கூரையை மாற்றுங்கள். தண்ணீர் என்றால் காணியை மாற்றுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் நல்ல மேட்டுக் காணியை அரை விலைக்கு விற்றுவிட்டு, போன இடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வருடாவருடம் புயல் என்கிறோம். வருடாவருடம் வருவது புயல் பயம். ஐப்பசி முடிந்ததும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகும், கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலி சொல்லும், மூன்று நாள் மழை பெய்யும், பிறகு அது தமிழ்நாட்டுக்கோ ஆந்திராவுக்கோ போய்விடும். எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுபவை ஐந்து. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் எங்கள் பக்கமாகத்தான் கரையேறித் தீவைக் கடந்தது. 1978 நவம்பரில் வந்தது மட்டக்களப்பை முறித்துப் போட்டது. 2000 டிசம்பர் 26 எங்கள் தலையிலேயே ஏறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி, எங்களுக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா. என் தங்கையின் மகன் ஃபுளோரிடாவில் இருக்கிறான். அவர்களுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஆறு மாதம் ஹரிக்கேன் காலம். அதுவும் நம் சூறாவளியும் ஒரே பிறவிதான், கடலுக்குக் கடல் பெயர் வேறு. ஆறு மாதம் காவல் இருக்கிறவன், "மாமா, நீங்கள் ஏன் இன்னும் அந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்கிறான்.

2000இல் பறந்தது என் சொந்தக் கூரை. ஊருக்கெல்லாம் கூரை போட்டவன் வீட்டுத் தகரம் இரண்டு வளவு தாண்டி ஒரு வேப்பமரத்தில் தொங்கியது. வேலிக்கு வேலி சிரித்தார்கள். இறக்கிப் பார்த்தபோது தகரம் கிழியவில்லை, மரமும் முறியவில்லை. குடை ஆணிகள் நேராக இருந்தன. ஆணி மரத்தை விட்டுக் கழன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். காற்று கூரையை அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. நாங்கள் அத்தனை வருடமும் பாரம் தாங்கத்தான் கூரை போட்டிருந்தோம். மேலே போகாமல் பிடித்துவைக்க ஒருவரும் போடவில்லை.

ஆகவே ஆவணியிலேயே, மழைக்கு முன், ஏணி வைத்து ஏறுங்கள். ஆணி இருக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்த திருகாணி போடுங்கள். முழுக் கூரைக்கும் பணம் இல்லையென்றால் விளிம்புகளுக்கும் முகட்டுக்கும் மட்டுமாவது போடுங்கள். காற்று முதலில் பிடிப்பது அங்கேதான். அங்கே ஓர் அலையும் விடாமல் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. பிறகு உள்ளே வந்து அண்ணாந்து பாருங்கள். தகரம் அதற்கு அடியில் குறுக்கே ஓடும் சலாகையைப் பிடித்திருக்கிறது. சலாகை முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரத்தைப் பிடித்திருக்கிறதா? கைமரம் சுவரின் மேல் கிடக்கும் வளையைப் பிடித்திருக்கிறதா? அந்த வளை சுவரைப் பிடித்திருக்கிறதா? நான் பார்த்த பத்து வீடுகளில் ஏழில் கடைசிக் கேள்விக்கு விடை இல்லை; வளை சுவரின் மேல் சும்மா படுத்திருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் இரும்புப் பட்டி வளைத்து இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவர் உச்சியில் சுற்றிவரக் கொங்கிறீற்றுப் பட்டி போட்டு, கம்பியை அதற்குள்ளிருந்தே மேலே எடுத்துவிடச் சொல்லுங்கள். மேசன் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நான்கு மடங்காகும் என்று அவருக்குச் சொல்லுங்கள். சுவருக்கு வெளியே நீட்டிவிட்ட தாழ்வாரம் அழகுதான், ஆனால் ஒன்றரை அடிக்கு மேல் நீட்டினால் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்ததாகிவிடும். வராந்தாக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போடுங்கள். அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

கூரைமேல் கல் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் பறக்கும். யாருடைய தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. மணல் மூட்டையானால் இரண்டிரண்டாகக் கட்டி முகட்டின் இருபுறமும் தொங்க விடுங்கள். கயிறு போட்டால் நிலத்தில் அறைந்த முளையில் கட்டுங்கள், தென்னையில் வேண்டாம். தென்னை ஆடும்போது உங்கள் கூரையையும் சேர்த்து ஆட்டும். என் மச்சான் சாம்பல்தீவில் அப்படித்தான் கட்டினார். காற்று பிடுங்காத தகரத்தைத் தென்னை பிடுங்கியது.

காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். எல்லோரும் கடல் பக்கம் என்றுதான் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் சூறாவளி கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். மையம் நமக்குத் தெற்கே ஏறினால் காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே ஏறினால் வடமேற்கில் தொடங்கி மேற்கு, தென்மேற்கு என்று தரைப் பக்கமிருந்து வரும். புரெவியின்போது கடல் பக்கத்து யன்னலை எல்லாம் பலகை அடித்து மூடிவிட்டு, பின்பக்கச் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் மட்டும் போட்டு விட்டவர்கள் உண்டு. நேராக நம் மேலேயே மையம் வந்தால் நடுவில் காற்று நிற்கும், வானம்கூட வெளிக்கும். அப்போது முற்றத்துக்கு வந்து தகரம் பொறுக்காதீர்கள். அடுத்த பாதி எதிர்ப் பக்கமிருந்து வரும்.

மற்ற வேலைகள் உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்கிறேன். தேங்காயையும் காய்ந்த ஓலையையும் முன்கூட்டியே பிடுங்குங்கள். முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டுங்கள், அது எப்படியும் முறியும். தண்ணீர்த் தாங்கியை நிரப்பி வையுங்கள், மின்சாரம் போனால் மோட்டர் ஓடாது, நிறைந்த தாங்கி பறக்கவும் பறக்காது. பாண் கிடைக்காது, அரிசிமா வறுத்து வையுங்கள். படகை மேலே இழுத்து எஞ்சினைக் கழற்றுங்கள். பாடசாலைக்குப் போகச் சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். கடைசியில் போகும் குடும்பத்துக்குக் கழிவறைக்கு அருகில்தான் இடம் கிடைக்கும். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ். எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் கரிக்கட்டியால் எழுதுங்கள்.

கிணற்றில் கடல்நீர் புகுந்தால் பதறிப்போய் மோட்டர் வைத்து முழுதாக இறைக்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு பலர் செய்த தவறு அது. மேலே இருக்கும் நல்ல நீரை எடுக்க எடுக்க அடியிலிருந்து உவர் ஏறிவரும். கொஞ்சமாக எடுத்துக் கொட்டிவிட்டு மழைக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

மூடியுள்ள பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மனைவியின் அடகுத் துண்டு எல்லாம் அதற்குள். அது மிதக்கும். 2004இல் உறுதியைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று பார்த்த பிறகு வந்த புத்தி இது.

இனித் தண்ணீர். தண்ணீருக்குத் திருகாணி இல்லை. டித்வாவில் அலஸ்தோட்டத்தில் என் வீட்டுக் கூரையில் ஒரு தகரம்கூட அசையவில்லை. மனைவியின் அக்கா மூதூர்ப் பக்கம் இருக்கிறார். அங்கே காற்றால் போனது இரண்டு வாழை. மலைநாட்டில் பெய்த மழை மகாவலியில் இறங்கி வந்து வீட்டுக்குள் நெஞ்சளவுக்கு ஏறியது. வெருகல், கிண்ணியா, மூதூர் எல்லாம் அந்த ஆற்றின் வாயில் இருக்கின்றன. அக்காவிடம் நான் கூரை பற்றிப் பேசவே இல்லை. "இந்தச் சுவரில் எத்தனை சேற்றுக் கோடு இருக்கிறது?" என்று கேட்டேன். மூன்று என்றார். போகலாம் என்றேன்.

எங்கே போவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். கடலை விட்டுத் தூரப் போனால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலே தெரியாத பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மண்சரிவு ஊர்களையே மூடியது. கொழும்புக்குப் போனால் களனி கங்கை இருக்கிறது. கந்தளாயில் காணி மலிவு என்று வாங்கப் போகிறவர்களிடம், குளக்கட்டுக்குக் கீழேயா மேலேயா என்று கேட்பேன். 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைந்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்று புயலும் இல்லை, மழைக்காலமும் இல்லை.

தூரத்தை அளக்காமல் உயரத்தைப் பாருங்கள். பலருக்கு இரண்டு மைல் போதும். பாலையூற்றுப் பக்கம் போகலாம். உவர்மலை நல்லது, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். காணி பார்க்கச் சித்திரையில் போகாதீர்கள், சித்திரையில் எல்லாக் காணியும் மேட்டுக் காணிதான். கார்த்திகையில், மழை பெய்யும்போது போங்கள். தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேளுங்கள். மலைப் பக்கம் என்றால் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து வளர்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு வரைபடம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். எதையும் விற்பதற்கு முன் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அங்கே வாடகைக்கு இருங்கள்.

விற்க முடியுமா என்பதையும் இப்போதே பாருங்கள். உறுதிக் காணி வேறு, அரசாங்கம் ஒப்பத்தில், அதாவது அனுமதிப் பத்திரத்தில், தந்த காணி வேறு. ஒப்பக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி முற்பணம் வாங்கியவர்கள் இன்றும் நீதிமன்றத்துக்கு நடக்கிறார்கள்.

தொழில் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், கரையை விட்டுத் தள்ளி வீடும் கொடுத்தார்கள். மீனவர்கள் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகுக்குப் பக்கத்தில் வாடி போட்டுப் படுத்தார்கள். திருட்டுப் பயம், விடியற்காலைப் பாடு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் தொழில்காரருக்கு நான் சொல்வது இரண்டு வீட்டுக் கணக்கு: கரையில் போனால் போகட்டும் என்று கிடுகு வாடி, மேட்டில் சிறிதாக ஓர் அறை, அதில் பிள்ளைகளும் வாளியும்.

நாங்கள் போகவில்லை. காணி மேட்டில் இருக்கிறது, கூரைக்கு என் கை இருக்கிறது. மாமியாருக்கு மட்டும் எண்பத்து நான்கு வயது, இருட்டில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் ஐப்பசி கடைசி வாரத்தில், முதல் தாழமுக்கத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, வவுனியாவில் இருக்கும் சின்ன மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். தைப் பொங்கலுக்குத் திரும்பி வருவார். இந்த முறை தன் கோழிகளையும் கொண்டுபோக வேண்டும் என்கிறார். கூடு செய்ய நேற்றுத்தான் பலகை அறுத்தேன்.