கருவிகளை வேலை வாரியாக அடுக்குங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

அலமாரிப் பலகை ஒன்றைச் சுவரில் மாட்டப் போகிறீர்கள். டிரில் கையில் இருக்கிறது, அதில் மாட்டித் துளை போடும் பிட் வேறு அறையில். பிட் கிடைத்ததும் பென்சிலைக் காணோம். ஏணியில் ஏறி இறங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது, பெரிய டூல் பாக்ஸ் ஒன்று வாங்கலாம் என்பதுதான். அது வேண்டாம். பெட்டி பெரிதானால் இருக்கிற எல்லாமே அதற்குள் போகும், அப்புறம் அதைத் தூக்கவே மனம் வராது. வேலைக்கு ஒரு தொகுப்பு என்று பிரித்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போவதே வசதி.

படி 1: கொட்டிப் பாருங்கள்

பழைய விரிப்பில் எல்லாவற்றையும் பரப்புங்கள். கைப்பிடி தளர்ந்த சுத்தியலைச் சரிசெய்யும்வரை தொடாதீர்கள்; ஓங்கும்போது தலை கழன்று பறக்கும். நுனி தேய்ந்த ஸ்க்ரூடிரைவரை ஒதுக்கிவிடுங்கள், அது ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். ஒயர் உறை வெடித்த மின்கருவியும் பழுது பார்க்காமல் உள்ளே போகக் கூடாது.

படி 2: வேலை வாரியாகப் பிரியுங்கள்

முதல் தொகுப்பு, எந்த வேலைக்கும் கூடவே வருவது: இன்ச் டேப், பென்சில், கத்தி, கட்டிங் பிளேயர், ஒரு பட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், டார்ச். இவ்வளவு போதும்.

அடுத்தது சுவர் வேலை. டிரில், ரசமட்டம் (மட்டம் சரியா என்று குமிழியால் காட்டும் கருவி), பிட்கள், பிளக் (ஸ்க்ரூ இறுகிப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் துண்டு), ஸ்க்ரூ. இந்தத் தொகுப்பில்தான் அதிகம் தடுமாறுவோம், ஏனென்றால் மூன்று சின்னப் பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 6 மி.மீ. பிளக்குக்குச் சுவரில் 6 மி.மீ. துளை வேண்டும், அதற்குள் சரியாக இறுகுகிற ஸ்க்ரூவும் வேண்டும். பிட்டை எல்லாம் ஒரு டப்பா, பிளக்கை எல்லாம் இன்னொரு டப்பா என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் தேடிப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக 6 மி.மீ. பிட், பிளக், பொருந்தும் ஸ்க்ரூ மூன்றையும் ஒரே சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் “6” என்று எழுதிவிடுங்கள். 8 மி.மீ.க்கும் அப்படியே. இந்த ஒரு மாற்றம் மிச்சப்படுத்தும் நேரத்தை வேறு எந்த யோசனையும் தராது என்பது என் உறுதியான கருத்து.

குழாய் வேலைக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், டெஃப்லான் டேப் (கசியாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுவது), வாஷர்கள், பழைய துணி. மின்வேலைக்கு டெஸ்டர் (மின்சாரம் இருக்கிறதா என்று காட்டுவது), ஒயர் ஸ்ட்ரிப்பர், இன்சுலேஷன் டேப். ஈரம் படுகிற குழாய்ச் சாமான்களோடு மின்வேலைக் கருவிகளைச் சேர்க்காதீர்கள். பெயிண்ட் வேலைக்கும் இப்படி ஒரு தனிப் பை.

படி 3: எதில் வைப்பது?

ஒரு கையால் தூக்க முடிய வேண்டும், மறு கை மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்க முடிய வேண்டும். எடைக்கு இதுதான் என் அளவுகோல்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி. அதன் விளிம்பில் மாட்டுகிற, சுற்றிலும் பாக்கெட் வைத்த துணி உறை கிடைக்கும். தடித்த துணியில் நீங்களே தைத்துக்கொள்ளலாம். வெளிப் பாக்கெட்டில் அடிக்கடி எடுப்பவை, உள்ளே டிரில். மேலிருந்து பார்த்தாலே எல்லாம் தெரியும். மூடி இல்லாததுதான் குறை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பூட்டுகிற இடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

படி 4: அடுக்கும் விதம்

கனமானவை அடியில். கைப்பிடிகள் மேல்நோக்கி, கூர்முனைகள் கீழ்நோக்கி. ரம்பத்தின் பற்கள்மேல், பழைய தோட்டக் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். உளிக்கும் உறை வேண்டும். கை காயப்படாது, முனையும் மழுங்காது.

ரசமட்டத்தின்மேல் எதையும் போடாதீர்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால், சமமான பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு இடவலமாகத் திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். குமிழி உங்கள் பக்கத்திலிருந்து பார்க்க அதே இடத்தில் நின்றால் கருவி சரி.

டிரில்லின் கூடுதல் பேட்டரியை ஆணி, ஸ்க்ரூவோடு சேர்த்துப் போடுவது ஆபத்து. உலோகத் துண்டு அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் ஷார்ட் ஆகி, சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். முனைகளை மூடும் உறையோடு தனிப் பாக்கெட்டில் வையுங்கள்.

படி 5: வேலை நடக்கும்போது

கருவி வைக்க ஒரு இடம் மட்டும்: ஒரு தட்டோ, விரித்த துணியோ. கையை விட்டுப் போனால் அங்கேதான் போக வேண்டும். ஏணியின் உச்சியில் எதையும் வைக்காதீர்கள், ஏணியை நகர்த்தும்போது தலையில் விழும். இடுப்பில் கட்டும் சின்னப் பை இருந்தால் நல்லது.

எதையாவது கழற்றினால், அதன் ஸ்க்ரூக்களைச் சின்னக் கவரில் போட்டு, மாஸ்கிங் டேப்பால் அந்தப் பொருளிலேயே ஒட்டிவிடுங்கள். கதவின் கீல் ஸ்க்ரூவும் கைப்பிடி ஸ்க்ரூவும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு.

படி 6: எடுத்து வைக்கும்போது

ஈரத்தையும் தூசியையும் துடைத்துவிட்டு, இரும்புப் பகுதிகளில் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். புதுச் செருப்பு, பை இவற்றோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூடிய டப்பாக்களில் போட்டால் துரு பிடிப்பது குறையும்.

முழுதாக அடுக்கிய வாளியைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். வேலை முடிந்ததும் அதோடு ஒப்பிட்டால் எது விட்டுப்போனது என்று உடனே தெரியும். பிளக், டேப் மாதிரி தீர்ந்துபோனவற்றை அப்போதே ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி வாளியின் கைப்பிடியில் ஒட்டிவிடுங்கள். வாங்கி வைத்த பிறகு கிழித்தெடுத்தால் போதும்.