எஸ்.ஓ.பி.ஸ் கிளப்பின் கதை: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நியூயார்க்கில் வேரிக் தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் முனையில் 1982ல் லாரி கோல்ட் என்பவர் ஒரு கிளப்பைத் திறந்தார். பெயர் ‘சவுண்ட்ஸ் ஆஃப் பிரேசில்’, சுருக்கமாக எஸ்.ஓ.பி.ஸ். (அந்தச் சுருக்கம் அமெரிக்கர் காதில் ஒரு வசவாகவும் விழும். தெரியாமல் வைத்த பெயராக இருக்காது.) பல நாட்டு இசைக்கு மேடை போட்ட கிளப் என்று எங்கே பேச்சு வந்தாலும் இதன் பெயர் வரும். கூடவே சில தவறுகளும் வரும். அவற்றில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது சின்னத் தவறு. பிரேசில் என்று இருப்பதால் சாம்பாவும் போசா நோவாவும் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். தொடக்கம் அதுதான். ஆனால் சல்சா, ரெகே, ஹைட்டியின் கொம்பா, ஆப்பிரிக்க இசை எல்லாம் அதே மேடைக்கு வந்து சேர்ந்தன. 1965 குடிவரவுச் சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்ட பிறகு கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் நியூயார்க்குக்கு வந்தவர்கள் ஏராளம். எஸ்.ஓ.பி.ஸ் திறந்தபோது கேட்பதற்கு ஆள் ஏற்கெனவே ஊரிலேயே இருந்தார்கள்.

இதை மறந்தால் அடுத்த தவறு தானாக வரும்: இந்த கிளப் கலைஞர்களைக் ‘கண்டுபிடித்தது’ என்று எழுதுவது. இங்கே பாடியவர்களில் ஒருவர் சீலியா குரூஸ். 1950லேயே கியூபாவின் சொனோரா மத்தான்சேரா குழுவில் சேர்ந்து பெயர் வாங்கியவர். எஸ்.ஓ.பி.ஸ் திறந்தபோது அவருக்கு முப்பது ஆண்டுப் புகழ் இருந்தது. அவரை அதுவரை கேட்காதது மான்ஹாட்டனின் ஒரு பகுதிதான். அவர்கள் கேட்ட நாளை அவர் பிறந்த நாளாக எழுதக்கூடாது அல்லவா?

எனக்கு அதிகம் உறுத்துவது ‘வேர்ல்டு மியூசிக்’ என்ற சொல். 1982ல் திறந்த கிளப்பை ‘வேர்ல்டு மியூசிக் அலையில் பிறந்தது’ என்று எழுதினால் காலமே தவறு. அந்தப் பெயர் கடைப் பெயராக நிலைத்தது 1987 கோடையில். லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர்களுடைய தட்டுகளை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர்களுக்குப் புரியவில்லை, அதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான் சிக்கல். செனகல் நாட்டு இசையும் பல்கேரிய இசையும் ஒரே அலமாரியில் வந்து உட்கார்ந்த கதை இதுதான். இசையை விவரிக்கப் பிறந்த சொல் அல்ல.

ஆனால் அந்தச் சொல்லை லண்டன்காரர்கள்தான் உண்டாக்கினார்கள் என்பதும் பிழை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் 1960களிலேயே அதைப் பாடத்திட்டப் பெயராகப் புழங்கினார். அவர் சென்னையில் மிருதங்கம் படித்தவர். ஆய்வேடே மிருதங்கத்தைப் பற்றியது. பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதனை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மிருதங்கம் கற்பிக்க வரவழைத்தார்கள். அங்கே ‘வேர்ல்டு மியூசிக்’ என்றால், ஒரு குருவின் முன் உட்கார்ந்து கற்பது என்று அர்த்தம். அதே சொல் அப்புறம் விலைச்சீட்டு ஆனது. கிராமி விருதுக்காரர்களே 2020ல் தங்கள் பிரிவின் பெயரிலிருந்து ‘வேர்ல்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோபல்’ என்று மாற்றினார்கள்; காலனிய வாடை வேண்டாம் என்பது காரணம். பழைய பெயரில் அந்த விருதை முதலில் வாங்கிய தொகுப்பில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருந்தார். புதுப் பெயரில் 2024ல் வாங்கிய சக்தி குழுவில் அவர் மகன் செல்வகணேஷ் இருந்தார். பெயரை மாற்றியதால் என்ன மாறியது என்று அந்தக் குடும்பத்தைத்தான் கேட்க வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டு கிளப்பின் கதையைச் சொல்வது இன்னொரு தவறு, பெரிய தவறு. நியூயார்க்கில் 1926 முதல் ‘கேபரே சட்டம்’ என்று ஒன்று இருந்தது. உரிமம் இல்லாத இடத்தில் வாடிக்கையாளர்கள் எழுந்து ஆடக்கூடாது. அதோடு நிற்கவில்லை. 1980களின் பிற்பகுதி வரை, உரிமம் இல்லாத இடத்தில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக்கூடாது. அந்த மூவரும் பியானோ, கிட்டார் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முரசும் எக்காளமும் கூடாது! தாளவாத்தியம் இல்லாமல் சாம்பாவை நினைத்துப் பாருங்கள், தவில் இல்லாத நாதஸ்வரக் கச்சேரி போலத்தான். வாரன் சியாசன் என்ற இசைக்கலைஞர் வழக்குப் போட்டு, 1988க்குள் இந்த விதிகள் நீதிமன்றத்தில் விழுந்தன. ஆட்டத்துக்கான தடை அப்படியே இருந்தது. ஊரில் எந்த இசை எங்கே ஒலித்தது என்பதை ரசனை மட்டும் தீர்மானிக்கவில்லை.

ஹிப்ஹாப் உள்ளே வந்ததும் கிளப் தடம் மாறிவிட்டது என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. சரி, அந்த ஹிப்ஹாப்பை 1973ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் டிஜே கூல் ஹெர்க் எங்கே பிறந்தவர்? கரீபியத் தீவான ஜமைக்காவில்.

கடைசியாக, நட்சத்திரப் பட்டியல். யார் யார் வந்து பாடினார்கள் என்று இருபது பெயரை அடுக்கினால் வரலாறு எழுதியாகிவிட்டது என்று நினைக்கிறோம். கிளப் பிழைப்பது பெரிய பெயர் வரும் ஓர் இரவால் அல்ல, மாதாமாதம் அதே நாளில் அதே கூட்டம் திரும்பி வருவதால். டிஜே ரேகா 1997ல் எஸ்.ஓ.பி.ஸில் ‘பேஸ்மென்ட் பாங்க்ரா’ என்ற மாதாந்திர இரவைத் தொடங்கினார். பஞ்சாபி டோல் மேளமும் ஹிப்ஹாப்பும் கலந்த அந்த நிகழ்ச்சி இருபது ஆண்டு நடந்து 2017ல் நிறைவடைந்தது. ஆட உரிமம் கேட்ட அந்த 1926ஆம் ஆண்டுச் சட்டத்தை நகரம் நீக்கியதும் அதே 2017ன் இறுதியில்தான்.