காவிரிக் கையோடு கடலுக்குப் போனால்

குளித்தலைக் காவிரியில் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறவன் நான். மூங்கில் கழி, கொஞ்சம் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு கொட்டாங்குச்சி மண்புழு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இது போதும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும் சென்னையில் இருக்கும் அக்காள் மகன், "மாமா, ஒரு நாள் கடலில் போட்டுப் பாருங்கள்" என்று கூப்பிட்டான். தண்ணீர்தானே, மீன்தானே என்று நினைத்துக் கிளம்பினேன். கரையேறியபோது தெரிந்தது: ஆற்றில் பழகிய கை கடலில் உதவாதது மட்டுமல்ல, கெடுக்கவும் செய்யும். முதல்முறை வழிகாட்டியோடு கடலுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஏற்கெனவே தூண்டில் பிடிக்கத் தெரியும் என்று நம்புகிறவர்களுக்காக.

நாங்கள் போனது கோவளத்திலிருந்து. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர். முதலில் டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில் போகத்தான் திட்டம். படகுக்காரத் தம்பி தொலைபேசியிலேயே "வேண்டாம் சார், காற்று சரியில்லை, பிப்ரவரியில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. லீவு போட்டுவிட்டு நிற்கும் மருமகனுக்கு இன்னும் அதிகம். இப்போது யோசித்தால், அவரை நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை. வருகிற வாடிக்கையாளரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தெரிந்தவரோடு போங்கள். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், மீன் நிச்சயம்" என்கிறவரை விட்டுவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அந்த வரி, படகில் ஏறப் போகிறவனுக்குப் புதிதாகக் கேட்கும். பொங்கலுக்குப் பிறகு கடல் மெல்ல அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சிறிய ஃபைபர் படகுகளுக்கு அது பொருந்தாது என்றாலும், உங்கள் படகு எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவை இன்னும் சில. தலைக்கு ஒன்றாக உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? என்ஜின் நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு? கைப்பேசி எவ்வளவு தூரம் வரை எடுக்கும், அதற்கு அப்பால் வயர்லெஸ் உண்டா? வாடகை படகுக்கா, ஆளுக்கா? (பெரும்பாலும் படகுக்குத்தான். நான்கு பேர் சேர்ந்தால் பாரம் குறையும்.) கடல் கெட்டுப்போனால் பணம் திரும்புமா, தேதி மாறுமா? பிடித்த மீன் யாருக்கு? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். கரையில் வந்து முகம் சுளிப்பதைவிட அது மேல்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு: கழிப்பறை. ஃபைபர் படகில் அது கிடையாது. ஆறு மணி நேரம். பெண்கள் வருவதாக இருந்தால் கூரையும் மறைப்பும் உள்ள பெரிய படகாகப் பாருங்கள்.

முந்தின இரவு

குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. முந்தின இரவு ஒன்று, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று என்று எனக்கு மருத்துவர் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் எதையும் போட வேண்டாம். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். நான் முந்தின இரவு மருமகன் வாங்கி வந்த பிரியாணியை மறுக்க மனமில்லாமல் சாப்பிட்டேன். அதன் கணக்கு காலை ஏழரை மணிக்குத் தீர்ந்தது. காற்று வரும் பக்கம் திரும்பி வாந்தி எடுக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எடுத்துச் செல்ல வேண்டியது அதிகமில்லை. முழுக்கைச் சட்டை, கழுத்தில் கட்டும் கயிறுள்ள தொப்பி, தண்ணீரின் கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஆதார் அட்டை. சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. சாம்பார் வேண்டாம், சட்னி வேண்டவே வேண்டாம். கைப்பேசியை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். அதில் 1554 (கடலோரக் காவல்படை), 1093 (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) இரண்டு எண்களையும் பதிந்து வையுங்கள்.

அலையைத் தாண்டுவது

கோவளத்தில் மணலில் இருந்து படகைத் தள்ளித்தான் இறக்குகிறார்கள். நாங்கள் போனபோது மணி ஐந்து, இருட்டு. காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும், கடல் படிந்து கிடக்கும். நண்பகலை ஒட்டி வெயிலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பி, கடலிலிருந்து வரும், சிற்றலைகள் எழும்பும். அதனால்தான் இத்தனை அவசரமாக எழுப்புகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் சபிக்காதீர்கள்.

அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் அன்றைய நாளிலேயே ஆபத்தான இரண்டு நிமிடம். படகுக்காரர்கள் சும்மா நின்று கடலைப் பார்ப்பார்கள். நமக்கு எதுவும் நடக்காதது போல் தோன்றும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் வரும் சின்ன இடைவெளிக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். ஏறு என்றதும் ஏறுங்கள், உட்கார் என்ற இடத்தில் உட்காருங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் எப்போதும் நிற்காதீர்கள். ஓர் அலை படகைப் பின்னால் தள்ளினால் அத்தனை எடையும் உங்கள் முழங்காலில் வந்து நிற்கும். கம்பத்தில் ஏறியிருப்பவன் கீழே நிற்பவனின் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இங்கே ஆள் இடம் மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை.

அப்பால் போனதும் படகின் பின்பகுதியில், நடுவாக உட்காருங்கள். முன்முனை அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கேதான் தூக்கிப்போடும். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் வயிறு புரளும்.

சுண்டாதே

விடிந்ததும் டிரோலிங். படகு மெதுவாக ஓட, முப்பது நாற்பது மீட்டர் பின்னால் பிளாஸ்டிக்கில் செய்த பொய் மீன் நீந்தி வரும். இரண்டு ராடுகளைப் படகின் ஓரத்துக் குழாயில் செருகிவிட்டு நாம் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம். தம்பி கடலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தால் அடியில் சாளைக் கூட்டம். சாளையை மேலே துரத்துவது பெரிய மீன். கலங்கிய தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேரும் கோட்டையும் விடாமல் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்.

ரீல் திடீரென்று கத்தியது. நான் பாய்ந்து ராடை எடுத்து, நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், பின்னால் சாய்ந்து ஒரே சுண்டு. நூல் தளர்ந்தது. மீன் போயிற்று. தம்பி சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு இன்றும் நன்றி. "ஓடுகிற படகே முள்ளை ஏற்றிவிட்டது ஐயா, நீங்கள் சுண்டினால் வாய்தான் கிழியும்" என்றார். ஆற்றில் தக்கை அமுங்கியதும் சுண்டாவிட்டால் கெண்டை இரையைத் துப்பிவிடும். இங்கே ராடை எடுத்து, நூலைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் போதும்.

அடுத்தது டிராக். ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கும். மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் நூல் நழுவ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் அது ஃபியூஸ். சுமை மீறினால் கம்பி எரிவதற்கு முன் ஃபியூஸ் போக வேண்டும், நூல் அறுவதற்கு முன் டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு வைப்பது வழக்கம். முப்பது பவுண்டு நூலுக்குப் பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ. தம்பி கொக்கித் தராசில் மாட்டி இழுத்துக் காட்டினார். பயத்தில் அந்தத் திருகை இறுக்குகிறவர்கள்தான் முதல் நாளில் அதிகம் மீனை இழக்கிறார்களாம். ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள்தான்.

மீன் ஓடும்போது சுற்றாதீர்கள். நூல் முறுக்கேறுமே தவிர மீன் வராது. அது நின்றதும் ராடை மெல்ல உயர்த்துங்கள், பிறகு தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். உயர்த்து, தாழ்த்திச் சுற்று. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தாளம்தான். ராடைச் செங்குத்தாகத் தலைக்கு மேல் தூக்கினால் நுனி ஒடியும். நூலைக் கையில் சுற்றி இழுக்கும் எண்ணம் வந்தால் மாஞ்சாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் ராடில் போடும் பின்னல் நூல் விரலை எலும்பு வரை அறுக்கும்.

இரண்டாவது இழுப்பு மருமகனுடையது, பாறை மீன், மூன்று கிலோ இருக்கும். மூன்றாவது எனக்கு. தூரத்தில் வெள்ளியாக ஒன்று புரண்டது, பிறகு நூல் மட்டும் வந்தது. பொய் மீனுக்கு முன்னால் இருந்த உருக்குக் கம்பியில் பல் கீறல், அதற்கும் மேலே நூல் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. "வஞ்சிரம்" என்றார் தம்பி. அவ்வளவுதான்.

அடிக்கடலில்

ஒன்பது மணிக்கு என்ஜினை நிறுத்திவிட்டுப் பாரின் மேல் நின்றோம். பார் என்றால் கடலடிப் பாறைத் தரை. ஆழத்தை இவர்கள் பாகத்தில் சொல்கிறார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. அங்கே பதினாறு பாகம். ஊசிக் கணவாய்த் துண்டை முள்ளில் கோத்து, ஈயக்குண்டோடு இறக்க வேண்டும். தரை தட்டியதும் நூல் தளரும். உடனே இரண்டு முழம் மேலே சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முள் பாரில் சிக்கும். நான் மூன்று ஈயத்தைக் கடலுக்குக் காணிக்கை தந்த பிறகுதான் இது கைக்கு வந்தது. நீரோட்டத்தையும் கேளுங்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி என்கிறார்கள். ஓட்டம் கடுமையானால் ஈயத்தின் எடையைக் கூட்ட வேண்டும்.

இங்கே என் காவிரிக் கை கொஞ்சம் பிழைத்தது. சங்கரா கொத்துவது கெண்டை கொத்துவது போலவே விரலில் தட்டுகிறது. நான்கு சங்கரா எடுத்தேன். களவா வேறு மாதிரி: கடித்ததும் பாருக்குள் இருக்கும் பொந்துக்கு ஓடும், முதல் ஐந்து நொடியில் மேலே தூக்காவிட்டால் கிடைக்காது.

வந்த மீனை எல்லாம் கையால் பிடிக்காதீர்கள். கடல் கெளுத்தியின் மூன்று முட்களிலும் விஷம் உண்டு, ஆற்றுக் கெளுத்தியைப் பிடித்த தைரியம் இங்கே வேண்டாம். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும், பிறகு மருத்துவமனை. பேத்தை பந்தாக உப்பி வரும், பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப விடுங்கள். அது உணவல்ல.

திரும்பும் வழியில் படகுக்கு முன்னால் ஒரு பங்குனி ஆமை மிதந்துகொண்டிருந்தது. தம்பி என்ஜினை அணைத்துவிட்டார். இந்தக் கரையில் முட்டையிட வரும் காலம் அது. அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, கீழே போகும் வரை யாரும் பேசவில்லை.

மீனைப் பிடித்த நிமிடமே பனிக்கட்டியில் வையுங்கள். படகில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில்தான் கெடுகிறது. வஞ்சிரமும் சூரையும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு அரிக்கும். நீண்ட தூரம் கொண்டு போவதானால் கரையிலேயே குடலையும் செவுளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு வரிசை பனிக்கட்டி, ஒரு வரிசை மீன் என்று அடுக்கி, உருகும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். நான் வடிக்காமல் விட்டதில் பெட்டி ஒழுகி, திருச்சி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விழுப்புரத்தில் இடம் மாறினார்.

வலது கட்டைவிரலில் வந்த கொப்புளம் ஆற எட்டு நாள் ஆயிற்று. அடுத்த முறைக்குக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். வேலையில் போட்டுப் பழகிய தடித்த ரப்பர் கையுறை இதற்கு ஆகாது. வீட்டு வாசலில் ராடைப் பிடித்து முயன்று பார்த்துவிட்டேன்.