எலியையும் கடல் அட்டையையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பக்கம் உலகெங்கும் பெருகிக் கிடக்கும் பழுப்பு எலி, மறுபக்கம் கடலடியில் வாழும் கடல் அட்டைகளில் ஒன்றான, அருகிவரும் வெள்ளை அட்டை. இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் இன்றைய மாணவர்களும் விழுகிறார்கள். எலிக்கு முதுகெலும்பு உண்டு, அட்டைக்கு இல்லை என்பதை யாரும் தவறவிடுவதில்லை. அதை விடுங்கள்.

முட்டைக் கணக்கை வைத்து முடிவு கட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். எலி ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடும். பெரிய வெள்ளை அட்டை ஒரே தடவையில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை விடும். இந்த இரண்டு எண்களும் அட்டவணையில் அருகருகே வந்ததும், ‘அட்டை சீக்கிரம் மீண்டுவிடும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மாணவி இன்னும் ஒரு படி மேலே போய், பிடிப்புத் தடையே வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தார். அட்டவணையில் ஓர் எண்கூடத் தப்பில்லை. அதுதான் கொடுமை.

எலிக்குக் கருத்தரிப்பு உடலுக்குள் நடக்கிறது. கர்ப்பம் மூன்று வாரம், அப்புறம் தாய்ப்பால். குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானே இனப்பெருக்கத்துக்குத் தயார். அட்டையோ முட்டையையும் விந்தையும் கடல்நீரில் விட்டுவிடுகிறது. ஆணும் பெண்ணும் சில மீட்டர் தள்ளிப் போனாலே இரண்டும் சந்திப்பது அரிது. சந்தித்தாலும் இளவுயிரி இரண்டு வாரம்போல் நீரில் மிதக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலானவை இரையாகிவிடும். மீனவர்கள் தேடிப் பிடிப்பதோ முட்டை விடும் பெரிய அட்டைகளை. ஆக, எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே போனால் எத்தனை லட்சம் முட்டை விட்டும் பயனில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணையில் வெள்ளை அட்டைப் பிடிப்பை 1998-இல் மூடினார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோதும் பழைய அளவு திரும்பியிருக்கவில்லை.

முட்டை எண்ணிக்கைக் கட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, வளர்ந்த உயிராகப் பிழைப்பவை எத்தனை, துணை எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். எலிக்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும்.

ஒரு குழுவுக்கே முத்திரை குத்துவது

ஆபத்து நிலை இனத்துக்கு இனம் மாறும். எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) வெளியிடும் சிவப்புப் பட்டியலுக்காக 377 கடல் அட்டை இனங்களை ஆராய்ந்தபோது 16 இனங்களே அச்சுறுத்தலில் இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இனங்களுக்குத் தரவே போதவில்லை. அவற்றைப் பத்திரமானவை என்று எழுதக் கூடாது. கொறித்துண்ணிகள் எல்லாமே மலிந்தவை என்பதும் சரியல்ல. ஒரே ஒரு குட்டித் தீவில் வாழ்ந்த பிராம்பிள் கே மெலோமிஸ் என்ற எலி அழிந்துவிட்டதாக ஆஸ்திரேலிய அரசு 2019-இல் அறிவித்தது.

எலி கெட்டது, அட்டை நல்லது

மதிப்பெண் கிடையாது.

உடல் நீளத்தை அப்படியே ஒப்பிடுவது

தொட்டாலே அட்டை சுருங்கிவிடும், எடையோ உள்ளிருக்கும் நீரைப் பொறுத்து மாறும். அளந்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்று குறிக்காத அளவை அட்டவணையில் சேர்க்காதீர்கள்.