ரீஸ்டார்ட் செய்தால் பாட் போய்விடுமா?

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை விட்டுவிடுவோம். புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வழுக்கி விழும் இடங்கள் வேறு.

அணைத்துப் போட்டு நிம்மதியாவது

இதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் தாங்குவதில்லை. ரவுட்டரிலோ சிசிடிவி டிவிஆரிலோ பாட் (தானாக ஓடும் புரோகிராம்; இங்கே, திருட்டுத்தனமாக நுழைவது) புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் ஸ்விட்சை அணைத்துப் போடுவார்கள். வேகம் திரும்பிவிடும். வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள்.

2016இல் பரவிய மிராய் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், மட்டும் ஓடும். மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே அதனிடம் மாட்டிக்கொண்ட கேமராக்களும் ரவுட்டர்களும் ஓயாமல் கண்ட ஐபி முகவரியையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தன. டெல்நெட் என்பது தூரத்திலிருந்து சாதனத்துக்குள் நுழைந்து கட்டளையிடும் பழைய வழி. அதன் 23, 2323 ஆகிய போர்ட்களில் (எண்ணிட்ட வாசல்களில்) 60க்கும் மேற்பட்ட யூசர்நேம்–பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்ப்பதுதான் அதன் வித்தை. "அட்மின்", "123456", "888888" மாதிரி, கம்பெனி வைத்து அனுப்பியவை. அணைத்துப் போட்ட சாதனம் சில நிமிடங்களில் மறுபடி மாட்டும். இப்படிச் சேர்ந்த படைதான் அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. 2018இல் வந்த விபிஎன்ஃபில்டர் என்ற ரவுட்டர் மால்வேரின் முதல் பகுதியோ ரீஸ்டார்ட்டுக்கே அசையவில்லை.

ரீசெட் பட்டனை அழுத்துகிறவர்களும் வரிசையில் தவறுகிறார்கள். ரீசெட் செய்தால் பழைய ஃபேக்டரி பாஸ்வேர்டு திரும்பிவிடும். அதோடு நெட்டில் மாட்டினால் பாட் நுழைய நாமே கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

முதலில், உங்கள் மாடலுக்குரிய ஃபர்ம்வேரை (சாதனத்தை இயக்கும் உள் மென்பொருளை) வேறொரு இணைப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். இணைப்புக் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ (லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் ரீசெட்டுக்குப் பிறகு இணைப்பே வராது, கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்புறம் ஃபைபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஊசியால் ரீசெட் துளையை 10–15 விநாடி அழுத்துங்கள். லேப்டாப்பை லேன் ஒயரில் இணைத்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், டெல்நெட், ரிமோட் மேனேஜ்மென்ட், யுபிஎன்பி (கேட்காமலே போர்ட் திறந்துவிடும் வசதி) மூன்றையும் அணையுங்கள். வெளி ஒயர் கடைசியில்தான்.

ஒரு வில்லங்கம்: சில டிவிஆர்களில் வெப் பக்கத்தில் மாற்றும் பாஸ்வேர்டு டெல்நெட்டுக்குப் பொருந்தாது. அது உள்ளேயே எழுதி வைத்தது. அப்படிப்பட்ட பெட்டிக்குப் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து நேரே உள்ளே வர வழி) கொடுக்கவே கூடாது.

மாட்டிய கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றுவது

கீ தட்டுவதைப் பதிவுசெய்யும் பாட் உள்ளே இருந்தால், புதிய பாஸ்வேர்டும் அதே நொடியில் போய்ச் சேரும். வேறு சாதனத்தில் மாற்றுங்கள். மாற்றிய கையோடு "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். திருடிய குக்கீயை (லாகின் ஆனவர் என்று பிரவுசர் வைத்திருக்கும் சீட்டை) வைத்திருப்பவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் சிக்கும்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கிராக் (காசு கொடுக்காமல் சாஃப்ட்வேரைத் திறக்கும் கோப்பு)

அழித்துவிடுங்கள்.

பெயரைப் பார்த்து நம்புவது

இணையதளம் நடத்துகிறவர்களுக்கு: லாகில் (யார் வந்து போனார்கள் என்ற பதிவில்) "கூகுள்பாட்" என்று, தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் பாட்டின் பெயர் இருந்தால் அது கூகுளின் பாட் என்று அர்த்தமில்லை, அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைத்த பெயர் googlebot.com, google.com போன்ற கூகுளின் டொமைனில் முடிகிறதா, திரும்ப அதே ஐபிக்கு வருகிறதா என்று பாருங்கள். ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே போகக் கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் robots.txt-இல்) அட்மின் ஃபோல்டரைத் தடுத்து எழுதுவதும் பாதுகாப்பில்லை. நல்ல பாட் விலகிப்போகும். கெட்டதுக்கு அதுவே முகவரிச் சீட்டு.